பனிமலைச் சாலையில் ஃபோர் வீல் டிரைவ் குழுக்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில், ஃபோர் வீல் டிரைவ் வண்டி வைத்திருப்போர் குழு ஒன்று இமாச்சலப் பிரதேசத்தின் மணாலியிலிருந்து, ரோதங் கணவாய்க்கு அடியில் செல்லும் அடல் சுரங்கப்பாதை வழியாக லாஹவுல் பள்ளத்தாக்குக்குக் குளிர்காலப் பயணம் சென்று வந்ததைப் பற்றிய கட்டுரையைப் படித்தேன். நம் ஊர்க்காரர்கள் இவ்வளவு தூரம் போய் அந்த மலைகளைப் பார்த்து வருவது மகிழ்ச்சி தருகிறது. ஆனால் நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டிக்குப் பனி ஒரு பொருட்டே இல்லை என்ற பொருள்பட அதில் வந்திருந்த கருத்து என்னைக் கவலைகொள்ள வைத்தது. எல்லைச் சாலைகள் அமைப்பின் வாகனப் பிரிவில் மெக்கானிக்காக வேலை பார்த்து, அந்தப் பகுதியில் பல குளிர்காலங்களைக் கழித்தவன் என்ற முறையில், அடுத்துப் புறப்படவிருக்கும் குழுக்களுக்காகச் சிலவற்றை எழுதக் கடமைப்பட்டிருக்கிறேன்.

நான்கு சக்கர இயக்கம் வண்டியை நகர்த்துவதற்கு உதவும், நிறுத்துவதற்கு உதவாது. என்ஜினின் இழுவிசை நான்கு சக்கரங்களுக்கும் பகிர்ந்து போவதால் ஏற்றத்தில் வண்டி வழுக்காமல் ஏறுகிறது, புதைந்த இடத்திலிருந்து மீண்டு வருகிறது. பிரேக்கோ எல்லாக் கார்களிலும் நான்கு சக்கரங்களிலும்தான் பிடிக்கிறது என்பதால், அந்த விஷயத்தில் விலை உயர்ந்த ஜீப்புக்கும் சாதாரண வாடகைக் காருக்கும் எந்த வேறுபாடும் கிடையாது. பனிக்கட்டி படிந்த சாலையில் வண்டி நிற்பதற்குத் தேவைப்படும் தூரம் காய்ந்த சாலையைவிடப் பத்து மடங்கு வரை கூடும். ஏறும்போது சிரமம் தெரியாததால் ஓட்டுநர் தன்னை அறியாமலேயே வேகத்தைக் கூட்டிவிடுகிறார். இறங்கும்போது முதல் கொண்டை ஊசி வளைவில்தான் உண்மை தெரியவருகிறது. மணாலியை அடுத்த சோலாங்கிலிருந்து சுரங்கத்தின் தென்வாயிலுக்குப் போகும் சாலையில் வெயில் படாத வளைவுகளில், பகலில் உருகிய நீர் மாலையில் மீண்டும் உறைந்து கண்ணாடி போன்ற படலமாகிவிடும். ஈரமான தார் என்று நினைத்து அதில் பிரேக்கை மிதிப்பவர்கள் ஒவ்வொரு குளிர்காலத்திலும் பக்கச்சுவரிலோ முன்னால் நிற்கும் வண்டியிலோ போய் மோதுகிறார்கள். 2024 டிசம்பர் கடைசி வாரத்தில் அந்தப் பகுதியில் நூற்றுக்கணக்கான வண்டிகள் சிக்கிக்கொண்டு, சுற்றுலாப் பயணிகளைக் காவல்துறையினர் இரவு முழுவதும் மீட்க வேண்டியிருந்ததைத் தங்கள் நாளிதழ் வாசகர்களும் மறந்திருக்க மாட்டார்கள்.

இறக்கத்தில் 4எல் என்னும் தாழ்ந்த கியர் வரிசைக்கு மாற்றி, முதல் அல்லது இரண்டாம் கியரில் என்ஜின் பிடியிலேயே நடை வேகத்தில் இறங்க வேண்டும். ஏறுவதற்கு வைத்திருக்கும் அந்த லீவர் இறங்குவதற்குத்தான் அதிகம் பயன்படும் என்பதைப் புதிதாக வண்டி வாங்கியவர்களுக்கு யாரும் சொல்லிக் கொடுப்பதில்லை. டயர் விஷயத்திலும் இதே குறைதான். சாதாரண டயரின் ரப்பர் 7 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறுகத் தொடங்கிவிடும். பெரிய கட்டைகளோடு முரட்டுத்தனமாகத் தெரியும் டயர்கள் பெரும்பாலும் சேறுக்கும் கல்லுக்கும் செய்யப்பட்டவை. மூன்று சிகரம் கொண்ட மலையும் அதற்குள் பனிச்செதிலும் பொறித்த டயர்தான் பனிக்கென்று சோதிக்கப்பட்டது. அது கிடைக்காவிட்டால், பனியில் பிடிப்புக்காகச் சக்கரத்தின் மேல் மாட்டும் இரும்புச் செயின் கட்டாயம் வேண்டும்.

செயின் கையில் இருந்தால் மட்டும் போதாது, மாட்டத் தெரிந்திருக்க வேண்டும். முறுக்கு இல்லாமல் தரையில் விரித்து, கொக்கிகளின் திறந்த முனை டயரில் குத்தாமல் வெளிப்பக்கம் பார்க்கும்படி வைத்து, சக்கரத்தின் மேல் போர்த்தி, வண்டியைச் சிறிது உருட்டி, உள்பக்கக் கொக்கியை முதலிலும் வெளிப்பக்கக் கொக்கியைப் பிறகும் பூட்ட வேண்டும். சில நூறு மீட்டர் ஓட்டியதும் மறுபடி இறங்கி இறுக்க வேண்டும்; இல்லாவிட்டால் தளர்ந்த கண்ணிகள், பிரேக் எண்ணெய் போகும் ரப்பர் குழாயான பிரேக் ஹோஸை அடித்துக் கிழித்துவிடும். தடித்த கையுறையோடு கொக்கி கைக்கு அகப்படாது, கையுறையைக் கழற்றினாலோ குளிர்ந்த இரும்பில் விரல் மரத்துப்போகும். ஆகவே இதை முதன்முறையாகப் பனிக்காற்றில் நின்று பழகக் கூடாது. நம் வீட்டு வாசலில், வெயிலில், கண்ணை மூடிக்கொண்டும் மாட்ட வரும் அளவுக்குப் பழகிவிட்டுப் புறப்பட வேண்டும். அடல் சுரங்கத்துக்கு இன்னொரு எச்சரிக்கை தேவைப்படுகிறது. உள்ளே 9.02 கிலோமீட்டர் தூரமும் பனி விழாத சாலை. அதில் செயினோடு ஓட்டினால் செயினும் டயரும் சாலையும் கெடும். பகுதிநேர நான்கு சக்கர இயக்கம் (தேவைப்படும்போது மட்டும் போட்டுக்கொள்வது) உள்ள வண்டிகளில், பிடிப்பு நன்றாக உள்ள சாலையில் முன்பின் அச்சுகளைப் பூட்டியே ஓட்டினால் கியர்பெட்டிக்கும் கேடு. எனவே செயினைச் சுரங்கத்துக்கு முன்னால் கழற்றி, இரண்டு சக்கரங்கள் மட்டும் இழுக்கும் 2எச்சுக்கு மாற்றி, அந்தப் பக்கம் பாதுகாப்பான இடத்தில் மீண்டும் மாட்ட நேரம் ஒதுக்க வேண்டும்.

கடுங்குளிரில் வண்டியே வேறாகிவிடும். சாதாரண டீசலில் உள்ள மெழுகு கெட்டியாகி ஃபில்டரை அடைத்துக்கொள்ளும். இதற்காகவே இந்தியன் ஆயில் நிறுவனம் 2019 நவம்பரில் லடாக்கில், மைனஸ் 33 டிகிரியிலும் உறையாத குளிர்கால டீசலை அறிமுகப்படுத்தியது. புதிய டீசல் வண்டிகளில் புகையின் நச்சைக் குறைக்க ஊற்றும் ஆட்புளூ என்ற திரவம் மைனஸ் 11 டிகிரியில் உறைந்துவிடும். இரவில் ஹேண்ட் பிரேக் போட்டு நிறுத்தினால் காலையில் அது இறுகிக்கொள்ளக்கூடும். சமதளத்தில் கியரில் நிறுத்திச் சக்கரத்துக்குக் கல் வைப்பதே நல்லது. இவற்றையெல்லாம்விடக் கொடியது, பனியில் சிக்கிய காருக்குள் ஹீட்டருக்காக என்ஜினை ஓடவிட்டு உறங்குவது. சைலன்சர் வாயைப் பனி மூடிவிட்டால் கார்பன் மோனாக்சைடு உள்ளே நிறையும். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. 2022 ஜனவரியில் பாகிஸ்தானின் மர்ரீ மலைநகரில் பனியில் மாட்டிய கார்களுக்குள் இருபதுக்கும் மேற்பட்டோர் குளிராலும் இந்த வாயுவாலும் இறந்தார்கள். அவர்களில் குழந்தைகளும் இருந்தார்கள். ஒவ்வொரு வண்டியிலும் ஒரு மண்வெட்டி இருந்தால், சைலன்சரைச் சுற்றியுள்ள பனியை அவ்வப்போது அள்ளிப்போடலாம்.

குழுவாகப் போவதன் பயன் இங்கேதான் இருக்கிறது. அனுபவசாலி ஒருவர் முன்னாலும் மற்றொருவர் கடைசியிலும் ஓட்ட, இடையில் உள்ள எல்லோரும் வாக்கி டாக்கியில் பேசிக்கொண்டு, இறக்கத்தில் ஒரு வண்டி வளைவைக் கடந்து பத்திரம் என்று சொன்ன பிறகே அடுத்த வண்டி இறங்கும் ஒழுங்கை நான் பார்த்திருக்கிறேன். அத்தகைய குழுக்கள் மீது எனக்கு மிகுந்த மரியாதை உண்டு. மலைச்சாலையில் ஏறும் வண்டிக்கு இறங்கும் வண்டி வழிவிட வேண்டும் என்பது சட்டவிதி. பனியில் ஏற்றத்தின் நடுவே நின்ற வண்டியை மறுபடி கிளப்புவது எவ்வளவு கடினம் என்று தெரிந்தவர்கள் அதைச் சட்டத்துக்காக மட்டும் பின்பற்ற மாட்டார்கள். திரும்பிவிடலாம் என்று தலைவர் சொன்னால் யாரும் மறுத்துப் பேசக் கூடாது என்பதையும் புறப்படும் முன்பே முடிவு செய்துகொள்ள வேண்டும். விடுமுறை நாள் கணக்கும் முன்பணம் கட்டிய விடுதியும் அந்த முடிவில் தலையிட்டால் ஆபத்துதான்.

சுரங்கம் திறக்கப்பட்ட 2020 அக்டோபருக்கு முன், 3,978 மீட்டர் உயர ரோதங் கணவாய் மூடிய மாதங்களில் லாஹவுல் மக்கள் வெளியுலகத் தொடர்பே அற்றுப்போய், உயிருக்குப் போராடும் நோயாளியை ஹெலிகாப்டருக்காகக் காத்திருந்து அனுப்பினார்கள். இன்று புல்டோசர் ஓட்டுநர்கள் விடியுமுன் பனியை ஒதுக்குவது முதலில் அவர்களுக்காகத்தான். குறுக்கே வழுக்கி நிற்கும் ஒரே ஒரு வண்டி, புல்டோசரையும் ஆம்புலன்ஸையும் மணிக்கணக்கில் நிறுத்திவிடும். 2023 டிசம்பரில் நெரிசலைத் தவிர்ப்பதற்காக ஒருவர் லாஹவுலில் ஓடும் சந்திரா ஆற்றுக்குள்ளேயே மஹிந்திரா தார் ஜீப்பை ஓட்டிச்சென்று அபராதம் கட்டினார்; அந்தக் காட்சியைப் பலர் சாகசமாகப் பகிர்ந்தது எனக்கு மிகுந்த வேதனையைத் தந்தது.

ஆகவே தங்களை வேண்டிக்கொள்வது இது: இத்தகைய பயணங்களைப் பற்றி எழுதும்போது, குழு எந்த டயரோடு போனது, எங்கே செயின் மாட்டியது, எந்த இடத்தில் யார் சொல்லித் திரும்பியது என்பதையும் கேட்டு வெளியிடுங்கள். கோவையிலும் சென்னையிலும் உள்ள குழுக்கள், வடக்கே புறப்படும் உறுப்பினர்களுக்கு ஒரு நாளாவது செயின் மாட்டவும் தாழ்ந்த கியரில் இறங்கவும் பயிற்சி கொடுக்கட்டும். ஜனவரி, பிப்ரவரி மாதங்களில்தான் அங்கே பனி அதிகம் என்பதால், குழுக்கள் புறப்படும் முன் இக்கடிதத்தை வெளியிட்டால் நன்றியுடையவனாவேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற வாகன மெக்கானிக்,
வேலூர் மாவட்டம்.