நெப்டியூன் தர்பார்

ஆசிரியருக்கு வணக்கம். பூமத்திய ரேகையை முதன்முறை கடக்கும் மாலுமிகளுக்கு நடத்தும் சடங்கை வெறும் ராகிங் என்று தங்கள் ஞாயிறு கட்டுரை ஒதுக்கியிருந்தது. அதில் பாதி சரி. 1832 பிப்ரவரியில் பீகிள் கப்பலில் சார்லஸ் டார்வினையே கண்ணைக் கட்டி, முகத்தில் தாரும் பெயின்டும் பூசி, இரும்பு வளையத் துண்டால் 'சவரம்' செய்து தண்ணீரில் கவிழ்த்தார்கள். ஆனால் கப்பலில் மேல், கீழ் என்ற வரிசை கலையும் ஒரே நாளும் அதுதான்.

1987இல் சிங்கப்பூரிலிருந்து ஆஸ்திரேலியாவின் ஃப்ரீமான்டில் துறைமுகத்துக்குப் போன சரக்குக் கப்பலில் என் முறை வந்தது. கயிற்றுநார்த் தாடி ஒட்டிய போசன்தான் (மேல்தள மாலுமிகளின் தலைவர்) கடல் தெய்வமான நெப்டியூன் ராஜா. தலை நிறைய கிரீஸ், மீன் கழுவிய தண்ணீர், அப்புறம் தீயணைப்புக் குழாயில் குளியல். (கிரீஸ் போக நாலு நாள் மண்ணெண்ணெய் தேய்த்தேன்.) அன்றிரவு கேப்டனே எனக்குச் சோறு பரிமாறினார், அதுவரை என் பெயர்கூட அவருக்குத் தெரியாது. மாட்டேன் என்று ஒதுங்கிய எஞ்சின் அறைப் பையனைத்தான் இறங்கும்வரை கேலி செய்தார்கள்; அது தப்பு. சடங்கை நிறுத்த வேண்டாம். விருப்பமுள்ளவர்கள் மட்டும் முன்கூட்டியே பெயர் கொடுக்கும் முறையைக் கப்பல் நிறுவனங்கள் கொண்டுவரலாம்.

– ஓய்வுபெற்ற மாலுமி, தூத்துக்குடி