ஏற்காடு ஆலயக் கூரைத் திருப்பணி: சபையாருக்கு நிறைவு அறிக்கை

கர்த்தருக்குள் பிரியமான சபையாருக்கு ஸ்தோத்திரம்.

கூரைப் பணி முடிந்தது. நாம் முதலில் கேட்டது இதையல்ல, ஐக்கிய மண்டபத்தை. அதற்கென்று தொடங்கிய வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்தின் நாட்களில்தான் பீடத்துக்கு மேலே ஈரக்கறை தெரிந்து, ஓடுகளைப் பிரித்துப் பார்த்தோம். கூரையைத் தாங்கும் சாய்வு மரமான கைமரத்தின், சுவருக்குள் புதைந்திருந்த நுனி, விரல் பட்டதும் மாவாய் உதிர்ந்தது. மலையேறி மரம் கொண்டுவந்து ஆலயத்தைக் கட்டச் சொன்ன ஆகாய் தீர்க்கதரிசியின் வார்த்தையை அந்த வாரம் தியானித்தவர்களுக்கு வேறு அடையாளம் தேவைப்படவில்லை. ஆனாலும் மண்டபத்துக்கென்று வந்த காணிக்கையைக் கமிட்டி தானாக மாற்றவில்லை. கொடுத்த ஒவ்வொரு குடும்பத்திடமும் சம்மதம் கேட்டே மாற்றினோம்.

மரம் மக்கியதற்குக் காரணம் ஒழுகல் மட்டுமல்ல. முந்தைய மராமத்தில் வெளிச்சுவருக்குச் சிமெண்ட் பூசியிருந்தார்கள். சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய கற்சுவர், உறிஞ்சிய ஈரத்தை வெயிலில் வெளியே விட்டுவிடும். சிமெண்ட் அந்த வழியை அடைத்துவிடும். பனிமூட்டம் விலகாத நம் மலையில், அடைபட்ட ஈரம் மரத்துக்குள்தான் இறங்கும்.

ஆகவே சிமெண்டைச் சிற்றுளியால் கொத்தி எடுத்தோம்; இயந்திரம் வைத்தால் கல்லிடைச் சாந்து கலகலத்துவிடும். அதற்குப் பதில் பூசிய சாந்துக்கு நீறிய சுண்ணாம்பு ஒரு பங்கு, சலித்த மணல் மூன்று பங்கு, கடுக்காய் ஊறிய தண்ணீர், வெல்லம். சுண்ணாம்பு தொட்டியிலேயே முழுக்க நீற வேண்டும். நீறாத கட்டி, பூசிய பிறகு ஈரம் குடித்துப் பருத்து, பூச்சைக் கொப்பளமாய்த் தெறிக்க வைக்கும். கிழக்குச் சுவரில் அவசரப்பட்டதால் அப்படியே ஆயிற்று. முழுவதையும் உரித்து மறுபடி பூசினோம்.

கைமரங்களில் மக்கிய நுனியை மட்டும் அறுத்து, வைரமேறிய மரத்தைச் சரிவாகப் பொருத்தி போல்ட் போட்டோம். நுனியைச் சுற்றி ஒரு விரற்கடை காற்றுவெளி விட்டிருக்கிறோம். அதை யாரும் சாந்து வைத்து அடைக்க வேண்டாம். பழைய மங்களூர் ஓடும் புது ஓடும் ஒன்றோடொன்று கவ்வவில்லை. அதனால் தேறிய பழையவற்றை ஒரு பக்கச் சரிவுக்கே வைத்து, மறு பக்கத்துக்குப் புதியவற்றை வேய்ந்தோம். மலைப்பாதையின் 20 கொண்டை ஊசி வளைவுகளிலும் உடையாமல் வர, ஓடுகளைப் படுக்க வைக்காமல் வைக்கோலிட்டு நிறுத்தி அடுக்க வேண்டியிருந்தது.

பெயர்க் கல்வெட்டு வைத்தால் முழுச் செலவையும் ஏற்பதாக ஒரு உதவி வந்தது. ஜெபித்து, அன்போடு மறுத்தோம். பலிபீடம் கட்ட அர்வனா தன் போரடிக்கும் களத்தைச் சும்மா தர முன்வந்தும் தாவீது ராஜா ஐம்பது சேக்கல் வெள்ளி கொடுத்தே வாங்கினான். நம் கூரை பெண்கள் ஐக்கிய சங்கத்தின் பிடியரிசியிலும், நிறுத்தி வைத்த அறுப்பின் பண்டிகை விருந்திலும், காபிப் பழம் பறிக்கும் காலத்தில் கூலியை விட்டு வந்து ஓடு ஏற்றியவர்களின் தோளிலும் நிற்கிறது. பெயர் பொறிக்கத் தொடங்கினால் முதலில் அவர்கள் பெயரே வர வேண்டும்; அவர்களோ வேண்டாம் என்றார்கள்.

வரவு செலவுக் கணக்கு ஆலய அலுவலகத்தில் உள்ளது, யாரும் பார்க்கலாம். இரு கூரைகள் கூடும் கூடல்வாய்த் தகட்டில் சில்வர் ஓக் இலை அடைத்தால் தண்ணீர் பின்னேறி ஓட்டுக்கு அடியில் புகும். ஜூனுக்கு முன்னும் அக்டோபருக்கு முன்னும் வாலிபர் சங்கம் அதைச் சுத்தம் செய்யும். ஏறுபவர்கள் ஓடுகளைத் தாங்கும் ரீப்பர் சட்டம் செல்லும் இடத்தில் மட்டும் கால் வைக்கவும். மீதி ஓடுகள் ஞாயிறு பள்ளி அறைக்குப் பின்னால் நிறுத்தப்பட்டுள்ளன. வேறு வேலைக்கு எடுக்க வேண்டாம்.

மண்டபத்துக்கான ஜெபம் வெள்ளிதோறும் தொடர்கிறது.

ஆலயத் திருப்பணிக் கமிட்டி