பள்ளிச் சுவரில் பாலாறு: நன்கொடை வேண்டுகோள்

அன்புடையீர், வணக்கம்.

நம் ஊர் அரசுப் பள்ளியின் வடக்குச் சுவர் 60 அடி நீளம், 20 அடி உயரம். அந்த 1,200 சதுர அடியிலும் பாலாற்றங்கரையை வரைந்து தர நம் ஊர் ஓவியர் ஒப்புக்கொண்டிருக்கிறார். பள்ளியின் அனுமதி கிடைத்துவிட்டது. பணம்தான் குறைகிறது.

ஓவியர் யாரிடமும் பாடம் படித்தவர் அல்ல. கடைப் பலகை எழுதியே கை பழகியவர். பிளெக்ஸ் வந்து பலகை வேலை போன பிறகும் தூரிகையைக் கீழே வைக்கவில்லை. விடியலில் ஆற்றோரம் உட்கார்ந்து நாணலையும் மருத மரத்தையும் பார்த்துப் பார்த்து நோட்டில் வரைந்து வந்திருக்கிறார். அந்த நோட்டிலிருந்துதான் இந்தப் படம்: முன்னால் மணல், நடுவே நாணலும் ஒரு பனையும், பின்னால் ஜவ்வாது மலை. சாலையில் நின்று சுவரைப் பார்ப்பவர் தெற்கு நோக்கி நிற்கிறார்; மலை இருப்பதும் அந்தத் திசையில்தான். தூக்கணாங்குருவிக் கூடுகள் பனையின் இடப்பக்கம் மட்டுமே தொங்கும். அது கிழக்கு. தென்மேற்குப் பருவக்காற்று நேராக அடிக்காத பக்கம் பார்த்துத்தான் பெரும்பாலும் அந்தக் குருவி கூடு கட்டும். ஒரு கூடு பாதியில் நிற்கும். ஆண் குருவி அதில் தொங்கிக்கொண்டு நார் பின்னும். இவ்வளவு கவனித்த கைக்கு ஒரு பெரிய சுவர் வேண்டும் என்பது எங்கள் ஆசை.

பிளெக்ஸ் மாட்டினால் செலவு குறையுமே என்று சிலர் கேட்டார்கள். நம் வெயிலுக்கும் காற்றுக்கும் அது வெளுத்துக் கிழிந்துவிடும். பெயிண்ட் நிற்கும், சுவரைச் சரிசெய்திருந்தால். பழைய சுண்ணாம்பை முழுக்கச் சுரண்டாவிட்டால் மேலே அடிக்கும் பெயிண்ட் அந்தப் பொடியோடு சேர்ந்து உரியும். கீழ் 3 அடியில் நில ஈரம் ஏறி உப்புப் பூத்திருக்கிறது. அந்தப் பூச்சைக் கொத்தியெடுத்து, ஒரு பங்கு சிமெண்டுக்கு நாலு பங்கு மணலும் நீர்க்காப்புக் கலவையும் சேர்த்துப் பூச வேண்டும். 7 நாள் தண்ணீர் காட்டி, 28 நாளாவது காயவிட வேண்டும். புதுச் சிமெண்டின் காரம் நிறத்தைத் தின்றுவிடும். சுவர் உச்சியில் சரிவான விளிம்பும் தேவை. ஆம்பூர்ப் பக்கம் அர்மாமலைக் குகையின் சமண ஓவியங்கள் ஆயிரம் ஆண்டு தாண்டியும் துண்டு துண்டாகவேனும் மிஞ்சியிருக்கின்றன. அங்கே பாறையே கூரை. நம் சுவருக்கு அந்த விளிம்புதான் கூரை.

தாளில் ஓர் அங்குலக் கட்டம், சுவரில் ஓர் அடிக் கட்டம் என்று நூல் பிடித்துப் படம் பெரிதாக்கப்படும். சாரத்தில் நிற்பவருக்கு எதிரே தெரிவது ஓர் இலைதான். அதனால் அடிக்கடி இறங்கி, சாலைக்கு அப்பால் போய்ப் பார்த்துத் திருத்த வேண்டும். நாள் கூடுவது இதனால்தான்; இதில் சிக்கனம் பார்க்கக் கூடாது. வெள்ளை பெயிண்டில் ஸ்டெய்னர் என்னும் நிறக் குழம்பை அளவு மீறிக் கலந்தால் சரியாக இறுகாமல் முதல் மழையிலேயே வழியும். ஆகவே அடர்நிறங்களைக் கடையில் இயந்திரத்திலேயே கலந்து வாங்குகிறோம். மணலுக்கும் பாறைக்கும் காவி நிறங்கள். அவை எளிதில் வெளுக்காது.

செலவுக் கணக்கு இது. கொத்து வேலையும் சிமெண்டும் 9,500 ரூபாய். பிரைமர் 20 லிட்டர் 3,200. வெள்ளை எமல்ஷன் 40 லிட்டர் 15,000. நிறங்கள் 24 லிட்டர் 10,800. மேல்பூச்சு 5,000. சாரம் வாடகை 9,000. தூரிகை, ரோலர் 2,700. ஓவியர் கூலி 24 நாளுக்கு 28,800, உதவியாளருக்கு 16,800. மொத்தம் 1,00,800 ரூபாய். இதுவரை சேர்ந்தது 37,500. இன்னும் 63,300 வேண்டும்.

பணமாகத் தர இயலாதவர்கள் சவுக்குக் கம்போ, சிமெண்ட் மூட்டையோ, வேலையாட்களுக்கு ஒரு நாள் சாப்பாடோ தரலாம். தருவது எதுவானாலும் குழுப் பொருளாளரிடம் ரசீது கேட்டு வாங்குங்கள். வரவு செலவு பள்ளி அறிவிப்புப் பலகையில் வாரந்தோறும் ஒட்டப்படும். படத்துக்குள் யார் பெயரும் யார் முகமும் வராது. நன்கொடையாளர் பெயர்கள் வாசலருகே தனிப் பலகையில் இருக்கும்.

கையிலுள்ள பணத்தில் கொத்து வேலையைக் கார்த்திகைக்குள் முடித்துவிடுவோம். மார்கழி முழுக்கச் சுவர் காயும். பொங்கல் கழிந்ததும் சாரம் கட்ட வேண்டும். தை, மாசியில் சூரியன் தெற்கே சாய்ந்திருப்பதால் வடக்குச் சுவரில் நேர் வெயில் விழாது. சித்திரை பிறந்துவிட்டால் அங்கும் வெயில் ஏறி, பெயிண்ட் தூரிகையிலேயே காயத் தொடங்கும். அதனால் மீதித் தொகை மார்கழி கடைசிக்குள் வந்து சேர உதவுங்கள்.

இப்படிக்கு,
பள்ளிச் சுவரோவியக் குழு