நரசிம்ம ஜெயந்திக்கு ஊருக்கு வா

தஞ்சாவூர்

அன்புள்ள மகனுக்கு,

அம்மா எழுதுகிறேன். நாங்கள் இருவரும் நலம். சென்ற ஞாயிற்றுக்கிழமை, லண்டனில் ஒரு நாடகம் பார்த்துவிட்டு வந்த மகிழ்ச்சியில் நெடுநேரம் பேசிய நீ, "நம் ஊரில் இப்படி நேரில் உட்கார்ந்து பார்க்க என்னம்மா இருக்கிறது?" என்று கேட்டாய். பணி ஓய்வு பெறும்வரை பள்ளிக்கூடம், வீடு, பிரதோஷத்துக்குப் பெரிய கோயில் என்றே நாட்களைக் கழித்துவிட்ட எனக்கு அப்போது பதில் சொல்ல வாய் எழவில்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

இந்த ஆண்டு நரசிம்ம ஜெயந்திக்கு அப்பாவும் நானும் மெலட்டூர் போனோம். திட்டையைத் தாண்டிக் கொஞ்ச தூரம்தான். சிறு வயதில் உன்னைத் திருக்கருகாவூருக்கு அழைத்துப்போனபோதெல்லாம் அந்த ஊர் வழியாகத்தான் போயிருக்கிறோம். ஒருமுறைகூட இறங்கியதில்லை என்பது இப்போது மனத்தை உறுத்துகிறது. அங்கே வரதராஜப் பெருமாள் கோயில் முன்பு, தெருவிலேயே மேடை போட்டு, பாகவத மேளா என்னும் நாட்டிய நாடகங்களை நடத்துகிறார்கள். தியாகராஜ சுவாமிகள் காலத்தில் வாழ்ந்த மெலட்டூர் வேங்கடராம சாஸ்திரி எழுதிய நாடகங்கள் அவை. பாட்டும் வசனமும் தெலுங்கு. பெண் வேடம் உட்பட எல்லா வேடங்களும் ஆண்களே கட்டுகிறார்கள். வெளியூர்களில் வேலை பார்ப்பவர்களும் இந்த நாட்களுக்கென்று விடுப்பு எடுத்துக்கொண்டு வந்து ஆடுகிறார்கள் என்று அறிந்தபோது உன்னைத்தான் நினைத்தேன்.

அன்று பிரகலாத சரித்திரம். முதலில் கோணங்கி என்னும் கோமாளி துள்ளிக்கொண்டு வந்து கூட்டத்தை அமர்த்திவிட்டுப் போனான். பிறகு யானைமுகம் தரித்த ஒரு சிறுவன் பிள்ளையாராக வந்து ஆடினான். தெலுங்கு தெரியாமல் எப்படி விடியும்வரை உட்காரப் போகிறோம் என்ற என் கவலை, பிரகலாதனின் தாய் லீலாவதி வந்ததும் போய்விட்டது. கணவனுக்கும் மகனுக்கும் நடுவே நின்று அவள் மன்றாடும்போது, அந்த நடிகரின் காதோரம் அரிதாரம் வியர்வையில் கரைந்து வழிவதும், குழந்தையின் தலையைத் தடவ நீண்ட விரல்கள் பாதியிலேயே நின்று நடுங்குவதும் நான் இருந்த இடத்திலிருந்து தெளிவாகத் தெரிந்தன. ஓர் ஆண் நடிக்கிறார் என்பதே எனக்கு மறந்துவிட்டது. அப்பாவும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

நரசிம்மர் அணியும் முகம் கோயிலில் வைத்துப் பூசிக்கப்படுவது. அதைத் தரிப்பவர் விரதமிருந்தே தரிக்கிறார். தூணிலிருந்து அவர் வெளிப்பட்டபோது கூட்டமே எழுந்து கைகூப்பியது. ஆவேசம் மீறிய அவரை நாலைந்து பேர் இழுத்துப் பிடித்து நிறுத்த வேண்டியிருந்தது. அந்த நேரத்தில் நான் உனக்கு அனுப்பலாமென்று செல்பேசியைத் தூக்கிக்கொண்டிருந்தேன். படத்தில் முன்வரிசைக்காரரின் முதுகுதான் பதிந்தது. நேரில் பார்க்க வேண்டியதையும் பாதி தவறவிட்டேன். அதனால் உனக்கு அனுப்ப என்னிடம் படம் எதுவும் இல்லை.

திரும்பி வந்த மறுவாரம் பெரிய கோயிலுக்குப் போனபோது, வழக்கம்போல் சன்னதிக்கு நேரே போகாமல் கல்வெட்டுகளின் முன் சற்று நேரம் நின்றேன். வைகாசிப் பெருவிழாவில் இராஜராஜேஸ்வர நாடகம் ஆடுவதற்காக, சாந்திக்கூத்தன் எனப்பட்ட கூத்துக் கலைஞன் ஒருவனுக்கும் அவன் வழியினருக்கும் ஆண்டுக்கு 120 கலம் நெல் அளக்கும்படி சோழ மன்னன் இரண்டாம் இராஜேந்திரன் அங்கே கல்லில் வெட்டிவைத்திருக்கிறான். அந்த நாடகத்தின் ஒரு வரிகூட நமக்குக் கிடைக்கவில்லை. ஆடுபவர்களும் பார்ப்பவர்களும் இல்லாமல் போனால் நெல்லும் கல்லும் இருந்துகூட ஒரு நாடகத்தைக் காக்க முடியாது என்று அங்கே நின்றபோது தோன்றியது. மெலட்டூர்த் தெருவில் இன்னும் கூட்டம் இருக்கிறது. அந்தக் கூட்டத்தில் நீயும் ஒருநாள் உட்கார வேண்டுமென்று ஆசைப்படுகிறேன்.

நரசிம்ம ஜெயந்தி சித்திரைக் கடைசியிலோ வைகாசியிலோ, பௌர்ணமியை ஒட்டி வரும். புதுப் பஞ்சாங்கம் வந்ததும் தேதியைப் பார்த்து எழுதுகிறேன். அதற்கேற்ப விடுப்புக்குச் சொல்லிவை. இரண்டு நாள் முன்னதாகவே வந்துவிட்டால், விடியவிடிய உட்காரும் முன் நன்றாகத் தூங்கிக்கொள்ளலாம். தரையில் விரிக்கப் பாயும், புழுக்கத்துக்குப் பனையோலை விசிறியும் உனக்கும் சேர்த்து வாங்கி வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
அம்மா