கல் பொறுக்கும் பிள்ளைகள்: பெற்றாருக்கு அதிபரின் கடிதம்

மட்டக்களப்பு

அன்புடைய பெற்றார்களுக்கும் பாதுகாவலர்களுக்கும்,

வணக்கம். தரம் 10 பிள்ளைகளின் புத்தகப்பைகளில் கிடந்த கற்களை வளவுக்குள் வீசிவிட்டதாகச் சென்ற கூட்டத்தில் சிலர் கூறினீர்கள். மகாஓயா வெந்நீரூற்றுக்கான களப்பயணத்துக்கு முன்னர் கல்லைப் பார்த்துப் பழகட்டும் என்று விஞ்ஞான ஆசிரியரே அவற்றைக் கேட்டிருந்தார். “கல்லைப் படித்து என்ன உத்தியோகம்?” என்று ஒரு தந்தையார் வினவியதற்கு அன்று நேரம் போதாமையால் மறுமொழி சொல்லவில்லை; இங்கே சொல்கிறேன்.

ஆனந்த குமாரசுவாமியைக் கலை அறிஞராகவே நாம் அறிவோம். அவர் கற்றதோ கல்லையும் நிலத்தையும் ஆராயும் புவிச்சரிதவியல். 1877 இல் கொழும்பில் பிறந்து, இரண்டு வயது நிரம்பு முன்னரே தந்தையார் சேர் முத்து குமாரசுவாமியை இழந்து, தாயாருடன் இங்கிலாந்தில் வளர்ந்த அவர், லண்டனில் புவிச்சரிதவியலும் தாவரவியலும் பயின்று 1900 இல் பட்டம் பெற்றார். 1903 முதல் 1906 வரை இலங்கைக் கனிப்பொருள் அளவையின் முதற் பணிப்பாளராக விளங்கினார்.

சப்பிரகமுவையில் மாணிக்கக்கல் அகழ்வோர் சரளையைக் கூடையிலிட்டு நீரில் அரிக்கும்போது பாரமானவை அடியில் தங்கும். அப்படிக் கிடைத்த, கரிய, சிறு கனசதுரப் பளிங்குகளை அவர் முதலில் யுரேனியம் அடங்கிய கனிமமான யுரேனைனைற்று என்றே கருதினார். நிறமும் பாரமும் ஒத்திருந்தமையால் அந்த எண்ணத்தில் வியப்பில்லை. ஆயினும் இரசாயனப் பகுப்பாய்வில் அவற்றின் பெரும்பகுதி தோரியம் என்னும் உலோகத்தின் ஒட்சைட்டு எனத் தெரியவந்தது. 1904 இல் அறியப்பட்ட அப்புதிய கனிமமே தோரியனைற்று. கண்டுபிடிப்பைவிட, தம் முதல் எண்ணத்தைச் சோதனை திருத்த இடங்கொடுத்ததே எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. பரீட்சை விடைத்தாள்களில் நான் அரிதாகக் காண்பதும் அதுவே. இலங்கைப் புவிச்சரித ஆய்வுக்காக 1906 இல் லண்டன் பல்கலைக்கழகம் அவருக்குக் கலாநிதிப் பட்டம் வழங்கியது. கல் தேடிக் கிராமங்களில் அலைந்த அந்த ஆண்டுகளிலேயே கண்டியக் கைவினைஞரின் வேலைப்பாடு அவர் கண்ணிற் பட்டது. 1917 இல் பொஸ்டன் நுண்கலை அருங்காட்சியகம் சேர்ந்த அவர் 1947 இல் மறையும்வரை அங்கேயே பணியாற்றினார்.

உத்தியோகம் பற்றிக் கேட்ட தந்தையாருக்கு: பேராதனைப் பல்கலைக்கழகத்தில் புவிச்சரிதவியல் துறை உண்டு. குழாய்க்கிணறு தோண்டவும், அணை கட்டவும், மலைச்சரிவில் பாதை போடவும் அத்துறையினர் வேண்டும்.

மகாஓயாவில் எரிமலை இல்லை. நிலத்தின் வெடிப்புகள் வழியே ஆழம் இறங்கிய மழைநீரே சூடேறி மேலெழுகிறது. ஊற்றுநீர் தோலைச் சுடக்கூடியதாகையால், ஆசிரியர் சொல்லாமல் எவரும் கை வைக்கலாகாது எனப் பிள்ளைகளுக்குச் சொல்லி அனுப்புங்கள்.

வீசிய கற்கள் கிடைத்தால், எடுத்த இடத்தை ஒரு துண்டுத்தாளில் எழுதச் செய்து, கல்லோடு சேர்த்துப் பொதிந்து திங்கட்கிழமை அனுப்பிவையுங்கள். இடம் தெரியாத கல்லை எங்கள் அலுமாரியில் வைப்பதில்லை.

இவ்வண்ணம்,
அதிபர்