குடம் தந்தவர்களுக்கும் கோடு காட்டியவர்களுக்கும் நன்றி

அன்புடையீர், வணக்கம்.

பள்ளிக்கரணையில் நாங்கள் நடத்திய ஓவிய, எழுத்துக் கண்காட்சி நல்லபடியாக நிறைவடைந்தது. மழையும் வெயிலும் கடலும் சென்னையில் எப்படி மாறிவருகின்றன என்பதை இங்கே குடியிருப்பவர்களே எழுதவும் வரையவும் வேண்டும் என்று ஆசைப்பட்டோம். இடம் தந்தவர்கள், பணம் தந்தவர்கள், ஏணி பிடித்தவர்கள் என்று நன்றிக்குரியவர்கள் நிறைய உண்டு. ஆனால் முதல் நன்றி, தங்கள் வீட்டில் நடந்ததை மனம் திறந்து சொன்னவர்களுக்குத்தான். பலருக்கு அது திரும்ப நினைக்கவே விரும்பாத காலம். அதைச் சொல்லும்படி முன்பின் தெரியாத நாங்கள் போய்க் கேட்டபோது, நாற்காலியை இழுத்துப்போட்டு உட்காரச் சொன்னார்கள்.

குடங்களிலிருந்து தொடங்குகிறேன். 2019 ஜூன் மாதம் சென்னைக்குக் குடிநீர் தரும் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கு ஏரிகளும் ஏறக்குறைய வறண்டு கிடந்தன. ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் கொண்டுவர வேண்டியதாயிற்று. அந்தக் கோடையில் லாரித் தண்ணீருக்காக வரிசையில் நின்ற குடங்களைக் கொஞ்ச நாளைக்குத் தர முடியுமா என்று வேளச்சேரியிலும் பெரும்பாக்கத்திலும் வீடு வீடாகக் கேட்டோம். பரணிலிருந்தும் குளியலறை மூலையிலிருந்தும் எடுத்துத் தந்தார்கள். ஊதா, பச்சை, ஆரஞ்சு என்று எல்லாம் பிளாஸ்டிக் குடங்கள். வரிசையில் மாறிவிடாமலிருக்க ஒவ்வொன்றின் கழுத்திலும் எனாமல் பெயின்டால் ஓர் அடையாளம். ஒன்றில் கதவு எண், ஒன்றில் 'கு' என்ற எழுத்து மட்டும், இன்னொன்றில் மூன்று புள்ளிகள். எழுத்தறியாத ஒரு பாட்டியின் குடம் அது. கோலம் போடத் தெரிந்த கை, புள்ளி வைத்துத் தன் குடத்தை அடையாளப்படுத்தியிருக்கிறது.

குடங்களின் மேல் ஓவியம் தீட்டுவதாகத்தான் ஓவியக் கல்லூரி மாணவர்கள் முதலில் திட்டம் வைத்திருந்தார்கள். அந்த மூன்று புள்ளிகளைப் பார்த்த பிறகு யாரும் தூரிகையைத் தொடவில்லை. வாசலிலிருந்து கடைசிச் சுவர்வரை, தெருவில் நின்ற அதே வரிசையில் நிறுத்திவிட்டார்கள். பார்க்க வந்தவர்கள் அந்த வரிசையை ஒட்டியே நடந்தாக வேண்டும். கண்காட்சியிலேயே என் மனத்துக்கு மிக நெருக்கமானது அதுதான். அந்த இளைஞர்களின் நிதானத்துக்கு என் வணக்கம்.

அடுத்தது வெள்ளக்கோடு. 2015 டிசம்பர் முதல் தேதி பெய்த மழையைச் சென்னையில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். தாம்பரத்தில் 24 மணி நேரத்தில் 49 சென்டிமீட்டர் பதிவானது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது இந்தப் பகுதியில் பல தெருக்களில் மறுபடியும் படகு ஓடியது. தண்ணீர் ஏறி நின்ற உயரத்தைக் காடாத் துணியில் அப்படியே பிடித்துத் தரும்படி வீட்டுக்காரர்களைக் கேட்டோம். துணியைச் சுவரோடு சேர்த்துப் பிடித்து அவரவரே கோடு இழுத்தார்கள். பெயின்டர் ஒருவர் தம் வீட்டுச் சுவரையே காட்டினார். எத்தனை முறை பட்டி பார்த்துப் பெயின்ட் அடித்தாலும், ஓதம் ஏறி உப்புப் பூத்து, அதே உயரத்தில் கோடு திரும்ப வந்துவிடுகிறதாம். அவர் உதிர்த்துக் கொடுத்த சுவர்ப்பொருக்கை ஒரு கண்ணாடித் தட்டில் வைத்திருந்தோம். படம் எடுத்து மாட்டியிருந்தால்கூட அவ்வளவு பேர் குனிந்து பார்த்திருக்க மாட்டார்கள்.

ஃபிளெக்ஸ் பேனர் எதற்கும் வேண்டாம் என்று முதலிலேயே தீர்மானித்திருந்ததால், வண்ணங்களையும் நாங்களே அரைத்தோம். செங்கல் தூள், அடுப்புக்கரி, மஞ்சளில் சுண்ணாம்பு கலந்தால் வரும் சிவப்பு. பிடித்து நிற்க வேப்பம்பிசின். பிசினுக்குக் காசு வாங்க மறுத்த நாட்டு மருந்துக் கடைப் பெரியவருக்கு மிக்க நன்றி. மஞ்சள் சேர்ந்த எதையும் வெயில் படும் இடத்தில் மாட்டாதீர்கள், வெளுத்துவிடும் என்று சொல்லி அனுப்பியவரும் அவரே. அதனால்தான் சிவப்புத் துணிகள் எல்லாம் உள்ளறையில் இருந்தன.

காற்று 1 டிகிரி செல்சியஸ் சூடேறினால், அது தாங்கக்கூடிய நீராவி ஏறத்தாழ 7 சதவீதம் கூடும். ஆகவே பெய்யும்போது கொட்டித் தீர்க்கிறது. இந்த ஒரு கணக்கை மட்டும் பிள்ளைகளுக்குப் புரியும்வரை சலிக்காமல் சொல்லித்தந்த இயற்பியல் ஆசிரியருக்கு நன்றி. அதைக் கேட்ட ஏழாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி, வானம் முழுக்க வயிறு பெருத்த குடங்களாக மேகங்களை வரைந்துவிட்டாள். வறட்சிக் குடங்களும் மழைக் குடங்களும் ஒரே கூடத்தில் எதிரெதிரே அமைந்தது அவளால்தான்.

பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தைச் சுற்றிக் காட்டிய பறவை ஆர்வலர்களை மறக்க முடியாது. ஒரு காலத்தில் ஐயாயிரம் ஹெக்டேருக்கு மேல் பரந்திருந்ததாகச் சொல்லப்படும் இந்த நிலம், உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் பட்டியலான ராம்சார் பட்டியலில் 2022இல் சேர்ந்தபோது ஏறத்தாழ 1,250 ஹெக்டேர். மேற்கேயுள்ள ஏரிகள் நிரம்பி வழியும் தண்ணீரை வாங்கி, ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாய்க்கு அனுப்புகிற இடம் இது. அந்த வழி குறுகக் குறுகத் தண்ணீர் தெருக்களில் நிற்கிறது. பிள்ளைகள் கையில் செல்பேசி இல்லாமல், நோட்டுப் புத்தகத்தோடு நின்று நீலத் தாழைக்கோழி, நாமக்கோழி ஆகிய பறவைகளின் குரலைக் கேட்டு எழுதினார்கள். பூநாரைகளையும் பெருங்குடிக் குப்பைமேட்டின் வாடையையும் ஒரே வாக்கியத்தில் எழுதியிருந்தான் ஒரு பையன். அவனுக்கு எழுத்து கைவரும் என்று உறுதியாக நம்புகிறேன்.

எண்ணூரிலிருந்து வந்த அக்காமார்களுக்கு எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை. கொசஸ்தலை ஆறு கடலில் சேரும் கழிமுகத்தில் இடுப்பளவு நீரில் இறங்கி, கையால் துழாவி இறால் பிடிப்பவர்கள். இரண்டு கைகளும் சேற்றில் இருப்பதால், பிடித்ததைப் போடும் பனையோலைப் பறியைப் பல்லில் கடித்துக்கொள்வார்கள். அப்படிக் கடித்துத் தேய்ந்த பறி ஒன்றைக் கொண்டுவந்து தந்தார்கள். 2023 டிசம்பர் வெள்ளத்தோடு கழிமுகத்தில் எண்ணெய் படர்ந்தபோது நாசமான வலையின் ஒரு துண்டையும் தந்தார்கள். நிலக்கரிச் சாம்பல் படிந்த இடத்தில் சேறு எப்படி மாறிப்போனது, இறால் கைக்கு எப்படித் தட்டுப்படாமல் போனது என்பதை அவர்கள் சொல்லச் சொல்ல, கல்லூரி மாணவி ஒருத்தி ஒரு சொல்லும் மாற்றாமல் எழுதினாள். கண்காட்சிக்காக நாங்கள் கொண்டுவந்த கையெழுத்துப் பத்திரிகையில் அதுவே முதல் கட்டுரை. ஒரு நாள் பிழைப்பை விட்டுவிட்டு நகரத்தின் மறுகோடிவரை வந்தார்கள் என்பதை வாசிப்பவர்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

அந்தப் பத்திரிகையைத் தொகுத்தவர் ஓய்வுபெற்ற தமிழாசிரியை அம்மா. பூமித்தாய் அழுகிறாள், இயற்கை சீறுகிறது என்ற வரிகள் வந்தால் அன்போடு திருப்பிக் கொடுத்துவிடுவார். எந்தத் தெரு, எந்த மாதம், என்ன மரம் என்று எழுதிக்கொண்டு வா என்பார். நம் மொழியில் சூழலைப் பற்றி எழுத வருகிறவர்கள் எல்லோருக்கும் இப்படி ஒருவர் வாய்க்க வேண்டும். நற்றிணையில் வரும் புன்னை மரத்தை அவர்தான் பிள்ளைகளுக்கு அறிமுகப்படுத்தினார். விளையாட்டாக மணலில் அழுத்திய விதை முளைத்து, நெய்யும் பாலும் ஊற்றி வளர்த்த மரமாகி, உன்னைவிடச் சிறந்தவள் உன் தங்கை என்று தாயே சொல்லிவிட்டதால், அதன் நிழலில் காதலனோடு சிரித்துப் பேசக் கூசுகிற பெண்ணின் பாட்டு அது. உங்கள் தெருவில் உங்களுக்கு உறவான மரம் எது என்று கேட்டார். 2016 வர்தா புயலில் சாய்ந்த மரங்களைப் பற்றிப் பிள்ளைகள் தங்கள் பெற்றோரிடம் கேட்டு வந்து எழுதினார்கள். பெரியப்பா வேம்பு, சின்னம்மா பூவரசு என்றெல்லாம் தலைப்புகள். வாசித்துக்காட்டிய மாலையில் என் பக்கத்தில் இருந்த ஆட்டோ ஓட்டுநர் அண்ணன் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

கூடத்தை வாடகையில்லாமல் தந்த சங்கத்தார், விளக்குகள் பொருத்திய தம்பிகள், எண்ணூருக்கு வேன் அனுப்பியவர், நாள் தவறாமல் டீயும் சுண்டலும் கொடுத்த கடைக்காரர், விடியற்காலையில் வாசலைச் சுத்தம் செய்துதந்த தூய்மைப் பணியாளர்கள், பெயர் சொல்ல வேண்டாம் என்று நன்கொடை அனுப்பியவர்கள் அனைவருக்கும் நெஞ்சார்ந்த நன்றி. வரவு செலவுக் கணக்கைக் கூடத்தின் அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருக்கிறோம்.

குடங்கள், பறி, வலைத்துண்டு எல்லாம் உரியவர்களிடம் திரும்பப் போய்ச்சேர்ந்துவிட்டன. வெள்ளக்கோட்டுத் துணிகளில் சில இன்னும் எங்களிடம் இருக்கின்றன. கொடுத்தவர்கள் மாலை நேரத்தில் கூடத்துக்கு வந்து பெற்றுக்கொள்ளலாம். கையெழுத்துப் பத்திரிகையும் அங்கேயே வாசிக்கக் கிடைக்கும். வடகிழக்குப் பருவமழைக்கு முன்பு இதே கண்காட்சியை எண்ணூரில் வைக்க வேண்டும் என்று அக்காமார்கள் கேட்டிருக்கிறார்கள். ஒப்புக்கொண்டிருக்கிறோம். வேன் ஒன்றும், துணிகளை மாட்ட மூங்கில் கழிகளும் தேவைப்படும். தர இயன்றவர்கள் சொல்லுங்கள்.

அன்புடன்,
கண்காட்சிக் குழுவின் சார்பில்
பள்ளிக்கரணை, சென்னை