ஊற்றங்கரைக்கு வராமலே எழுதிய வரி

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். எங்கள் இராமநாதபுரம் மாவட்டக் கடலோரக் கிராமங்களின் குடிநீர்த் தட்டுப்பாடு குறித்துத் தங்கள் ஞாயிறு இதழில் வெளியான கட்டுரையை இரண்டு முறை படித்தேன். முதன்முறை நான்தான் ஏதோ தவறாகப் படித்துவிட்டேன் என்று நினைத்ததால் இரண்டாம் முறை படிக்க வேண்டியதாயிற்று. “மழைநீரைச் சேமிப்பது குறித்த விழிப்புணர்வு மக்களிடம் இல்லாததே இந்நிலைக்கு முதன்மைக் காரணம்” என்று தங்கள் செய்தியாளர் எழுதியிருக்கிறார். பக்கத்தில் ஒரு பெண் மணற்குழிக்குள் குனிந்து தண்ணீர் அள்ளும் படமும் இருக்கிறது.

ஏர்வாடிக்கும் வாலிநோக்கத்துக்கும் இடைப்பட்ட கரையில் பிறந்து, அங்கேயே வாழ்க்கைப்பட்டு, அந்த ஊர்ப் பிள்ளைகளுக்கே பாடம் சொல்லி ஓய்வுபெற்றவள் நான். படத்தில் உள்ளதைப் போன்ற ஊற்றில் தண்ணீர் அள்ளித்தான் வளர்ந்தேன். அதைப் பற்றி அந்தப் பெண்ணிடம் கேட்டிருந்தால் அவளே சொல்லியிருப்பாள். தங்கள் செய்தியாளருக்கு நேரமில்லை போலும். ஆகவே நான் சொல்கிறேன்.

கடலோர மணல்மேட்டில் பெய்யும் மழை கீழே இறங்கி, நிலத்துக்குள் ஏற்கெனவே புகுந்து நிற்கும் உப்புநீரின்மேல், பாலின்மேல் ஆடை படிந்தாற்போல் தங்குகிறது. கடல் மட்டத்துக்கு மேலே 1 அடி உயரத்துக்கு நல்ல தண்ணீர் நின்றால் கீழே ஏறத்தாழ 40 அடி ஆழம்வரை நல்ல தண்ணீர் இருக்கும் என்பதும், மேலே அந்த 1 அடியை இறைத்துவிட்டால் அடியிலிருந்து உப்பு அதே 40 அடிக்கு ஏறிவரும் என்பதும் நீரியல் படித்தவர்கள் சொல்லும் கணக்கு. என் அப்பத்தாவுக்கு இந்தக் கணக்கு தெரியாது. ஆனால் இடுப்பளவுக்குமேல் ஒரு சாண்கூடத் தோண்ட விடமாட்டார். பக்கங்கள் சரியாமல் பனந்துண்டுகளை அடுக்கியிருப்பார்கள். சிரட்டையை மணலில் இடிக்காமல், சாய்த்துப் பிடித்து, மேலாக ஊறி நிற்பதை மட்டும் அள்ளி, குடத்தின் வாயில் கட்டிய துணிவழியே ஊற்ற வேண்டும். ஒரு குடம் நிறைந்ததும் எழுந்து, மறுபடி ஊறும்வரை அடுத்தவள் காத்திருக்க இடம்விட வேண்டும். அவசரப்பட்டு வாளியை இறக்கிக் கலக்கிவிட்டவள் வரிசையில் நிற்கும் அத்தனை பேரிடமும் வாங்கிக் கட்டிக்கொள்வாள்.

ஊருணிக்கும் சட்டம் இருந்தது. செருப்போடு கரையேறக் கூடாது. துணி துவைக்க வேறு குட்டை. ஆடுமாடு இறங்காமல் சுற்றிலும் முள்வேலி. ஐப்பசி மழையில் செக்கச் செவேலென்று வந்து சேரும் தண்ணீரைக் குடத்தின் உட்புறம் தேற்றாங்கொட்டையை உரைத்துத் தெளிய வைத்தோம். தெளிந்தது குடிக்கவும் உலை வைக்கவும், லேசாக உப்புக் கரிக்கும் சப்பைத் தண்ணீர் குளிக்கவும் புழங்கவும், அரிசி கழுவியது ஆட்டுக்கு, முகம் கழுவியது முருங்கைக்கு. இதற்குமேலும் எங்களுக்கு விழிப்புணர்வு தேவைப்படுமானால், மாடிக் குழாயைத் திறந்துவிட்டுப் பல் துலக்கும் நகரத்துப் பெருமக்கள் நேரில் வந்து பயிற்றுவிக்கலாம். ஊருணிக் கரையில் பனம்பாய் விரித்து உட்கார வைக்கிறோம்.

தங்கள் இதழின் ஆன்மிகப் பக்கத்தில் இராமேசுவரம் கோயிலின் 22 தீர்த்தங்களையும், தங்கச்சிமடத்தில் கடலுக்குள்ளேயே நல்ல தண்ணீர் தரும் வில்லூண்டி தீர்த்தத்தையும் அதிசயம் என்று எழுதுகிறீர்கள். மணலுக்குள் மழைநீர் தங்கும் அதே இயல்புதான் அங்கும் என்பது தாங்கள் அறியாததல்ல. கோயிலருகே ஊறினால் அதிசயம், எங்கள் ஊரில் ஊறினால் அறியாமை என்றால் நான் என்ன சொல்ல?

மலைநீருக்கு வருவோம். பெரியாற்று நீரைக் கிழக்கே திருப்பலாமா என்று 1789இலேயே ஆளனுப்பி மலையைப் பார்த்துவரச் செய்தவர் இராமநாதபுரம் மன்னர் சேதுபதியின் பிரதானி, அதாவது தலைமை அமைச்சர், முத்திருளப்ப பிள்ளை. பொருள் வசதியில்லாமல் அந்த எண்ணம் நின்றுபோனது. 1895இல் பென்னிகுவிக் கட்டிய முல்லைப் பெரியாறு அணை முடிந்து அதே நீர் மலையைத் தாண்டி வந்தபோது, முதலில் கனவு கண்டவர்கள் வரிசையின் கடைசிக்குப் போனோம். வைகை வழியெல்லாம் கொடுத்துவிட்டு, மிச்சமிருந்தால் எங்கள் பெரிய கண்மாயை எட்டும். அதற்கும் மிஞ்சினால் ஆற்றங்கரையில் கடலைத் தொடும். நாரை பறக்காத 48 மடை என்று சொல்லப்படும் இராஜசிங்கமங்கலம் கண்மாயை வெட்டிய நிலம் இது. மழைநீரைத் தேக்கத் தெரியாதவர்கள் எதற்காக அத்தனை மடை வைத்தார்களாம்? சித்திரங்குடி, காஞ்சிரங்குளம் கண்மாய்களுக்கு 2022இலும், சக்கரக்கோட்டை, தேர்த்தங்கல் கண்மாய்களுக்கு 2025இலும் உலக முக்கியத்துவமுள்ள ஈரநிலம் என்ற ராம்சர் தகுதி கிடைத்தது. கண்டம் விட்டுக் கண்டம் பறந்துவரும் பறவைகளுக்கு எங்கள் கண்மாய்கள் தெரிகின்றன. தண்டனையாக ஊழியர்களை அனுப்பும் ‘தண்ணியில்லாக் காடு’ என்ற சினிமா வசனம்தான் தங்கள் செய்தியாளருக்குத் தெரிந்திருக்கிறது.

ஊற்று ஏன் கெட்டது என்று அவர் கேட்கவே இல்லை. எங்கள் மணல்மேட்டுக்குப் பின்னால் ஒருவர் ஆழ்துளைக் கிணறு போட்டு, இரவும் பகலும் மோட்டார் ஓட்டி, டேங்கர் லாரிகளில் விற்றார். இரண்டு கோடை தாங்கிய ஊற்று மூன்றாவது கோடையில் கரித்தது. அதன்பிறகு ஊருணிக்கு மேற்கே இறால் பண்ணை வந்து, கடல்நீரைக் குழாய் வைத்து நிலத்துக்குள்ளேயே கொண்டுவந்து நிறுத்தியது. கடலோர ஒழுங்குமுறைப் பகுதிக்குள் இறால் பண்ணைக் குட்டைகள் கூடாதென்று 1996இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்ததும், 2005இல் இதற்கென ஆணையமும் சட்டமும் வந்ததும் தங்கள் இதழிலேயே நான் படித்த செய்திகள்தாம். அதையெல்லாம் சொல்லி மனுக் கொடுத்தபோது, மேசைக்குப் பின்னால் இருந்தவர், “டீச்சர், உங்களுக்கு எதுக்கு இந்த வேலையெல்லாம்?” என்று மிகுந்த பரிவோடு கேட்டார்.

காவிரிக் குழாய் வந்ததை நான் மறுக்கவில்லை. திருச்சிப் பக்கமிருந்து அவ்வளவு தூரம் வருவது பெரிய காரியம். ஆனால் குழாயின் கடைக்கோடியில் இருப்பவர்களுக்கு அது நினைத்த நேரத்தில் வராது, வந்தாலும் நிற்காது. எங்கள் தெருப் பெண்கள் தள்ளுவண்டியில் குடங்களை அடுக்கிக்கொண்டு அடுத்த ஊருக்குப் போகிறார்கள். இதற்கிடையே விழிப்புணர்வுப் பேரணி ஒன்றும் நடந்தது. வெயிலில் பதாகை பிடித்து நின்ற பிள்ளைகளுக்கு வெளியூரிலிருந்து லாரியில் வந்த பாட்டில் தண்ணீர் கொடுத்தார்கள்.

எங்கள் ஊருணிக்கு வரத்துக்கால் சாலைக்கு அடியில் வருகிறது. சாலையை உயர்த்தியபோது அதன் கீழிருந்த இரண்டு சிமென்ட் குழாய்களும் மண்ணால் அடைபட்டன. மழை பெய்தால் தண்ணீர் சாலையின் மேற்குப் பக்கம் தேங்கி, கருவேல முள்ளுக்குள் நின்று வற்றுகிறது; கிழக்கே ஊருணி வெடித்துக் கிடக்கிறது. தோண்டி எடுக்க ஊர் இளைஞர்கள் தயாராக இருக்கிறார்கள். அரசுச் சாலையில் கைவைத்தால் வழக்குப் பாயும் என்று அதிகாரிகள் சொல்லிவிட்டார்கள், அவர்களாகவும் எடுக்கவில்லை. ‘நிதி ஒதுக்கீடு பெறப்பட்டதும்’ என்ற பதில்கள் என்னிடம் ஒரு கோப்பு நிறைய இருக்கின்றன.

எனவே தங்களிடம் நான் கேட்பது மறுப்புச் செய்தியோ வருத்தமோ அல்ல. ஐப்பசி பிறப்பதற்குள் தங்கள் செய்தியாளரை ஒரு நாள் அனுப்பி, அடைபட்ட அந்த இரண்டு குழாய்களையும் படமெடுத்து, அதே அளவில், அதே பக்கத்தில் வெளியிடுங்கள். அவர் புறப்படும் நாளை முன்கூட்டித் தெரிவித்தால் பேருந்து நிறுத்தத்தில் ஆள் நிறுத்துகிறேன். குடிக்க அவர் தண்ணீர் கொண்டுவர வேண்டியதில்லை.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகி,
ஓய்வுபெற்ற ஆசிரியை,
ஏர்வாடி அருகே, இராமநாதபுரம் மாவட்டம்.